சோற்றில் மறையாத பூசணிக்காய்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம், டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் பழைய அமெரிக்க மசில் கார்கள் ஊர்வலம் போகும். நிறுத்தியிருக்கும் கார்களில் பானெட் திறந்த பக்கம்தான் கூட்டம் மொய்க்கும். விவரம் தெரிந்தவர்கள் பின்பக்கம் போய், முழங்கால் மடித்து, அடியில் எட்டிப் பார்ப்பார்கள். இரு சக்கரங்களுக்கு நடுவே தொங்கும் அந்த உருண்டை இரும்புக் கூட்டுக்கு அமெரிக்க மெக்கானிக்குகள் வைத்த செல்லப்பெயர் பூசணிக்காய். திருப்பத்தில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இருப்பது அதற்குள்தான். இன்ஜினைப் பற்றி உரிமையாளர் எவ்வளவு அளந்தாலும், இந்தப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது.

காரணம் எளிய பெருக்கல். கிறைஸ்லரின் 426 ஹெமி இன்ஜின் தரும் முறுக்குவிசை 490 பவுண்டு-அடி. முதல் கியரில் அது 2.65 மடங்காகும், பின் ஆக்சிலின் 3.54 விகிதம் அதை மறுபடி பெருக்கும். கணக்குப்படி சக்கரங்களுக்குப் போவது ஏறக்குறைய 4,600 பவுண்டு-அடி. கிளட்சைச் சட்டென்று விட்டால் அத்தனையும் ஒரே அடியாகப் பல்லில் இறங்கும். அதனால்தான் நான்கு கியர் ஹெமி கார்களுக்கு நிறுவனமே டானா 60 ஆக்சிலைப் பூட்டி அனுப்பியது. அதற்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் 9.75 அங்குல விட்டம்.

ரசனையின் முதல் பாடம், போல்ட்டை எண்ணுவது. பழைய செவர்லே காரில் பின்மூடியைச் சுற்றி 10 போல்ட் இருந்தால் சாதாரண ஆக்சில். 12 இருந்தால் 8.875 அங்குல கிரவுன் கொண்ட, பலரும் தேடி அலையும் ஆக்சில். கழற்றும் மூடியே இல்லாமல் பின்புறம் வழவழவென்று இருந்தால், அது 1957இல் வந்த ஃபோர்டு 9 அங்குல ஆக்சிலாக இருக்கலாம். அதில் பல்சக்கரத் தொகுதி முழுவதும் முன்பக்கமாகக் கழன்று வரும். கிரவுனைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனின் நுனியைத் தாங்கக் கூடுதலாக ஒரு பேரிங்கும் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், ஃபோர்டு என்றாலே முகம் சுளிக்கும் செவர்லே கமாரோ பிரியர்கள் பலரின் காருக்கு அடியிலும் இந்த ஃபோர்டு ஆக்சில்தான். செவர்லேயின் ஆக்சில் தண்டை உள்ளே பிடித்திருப்பது ஒரு சின்ன ‘சி’ கிளிப். தண்டு முறிந்தால் சக்கரம் தனியே வெளியே நழுவும். ஃபோர்டில் தண்டை வெளிமுனையிலேயே பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அடுத்து, தடம். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினால் அதுவே சுற்றும், தரையில் ஒற்றைக் கறுப்புக் கோடு விழும். செவர்லேயின் பாஸிட்ராக்ஷன், கிறைஸ்லரின் ஷ்யூர்-கிரிப் போன்றவை இரு சக்கரங்களையும் சேர்த்து இழுப்பதால் இரட்டைக் கோடு விழும். 1992இல் வந்த ‘மை கசின் வின்னி’ படத்தின் நீதிமன்றக் காட்சியில் வழக்கே இந்தக் கோடுகளில்தான் திரும்புகிறது. அதில் சாட்சி சொல்லும் பெண்ணாக நடித்த மரிசா டொமே ஆஸ்கர் வாங்கினார்.

காதுக்கும் வேலை உண்டு. மெதுவாகத் திரும்பும்போது பின்னாலிருந்து ‘டிக், டிக்’ என்று கேட்டால் அனேகமாக அது ‘டெட்ராய்ட் லாக்கர்’ என்ற வகை டிஃபரன்ஷியல். பழுதில்லை, அதன் சுபாவமே அதுதான். நேர்சாலையில் வேகத்துக்கேற்ப ஊளையிட்டால், பற்கள் பொருந்தும் இடைவெளியை யாரோ சரியாக வைக்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

விகிதத்தில்தான் உரிமையாளரின் மனசு தெரியும். 27 அங்குல டயரோடு, 60 மைல் வேகத்தில், நேரடி டாப் கியரில் 3.08 ஆக்சிலுக்கு இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,300 முறை சுற்றும், 4.10 ஆக்சிலுக்கு 3,060. பின்னது சிக்னலில் பாயும், நெடுஞ்சாலையில் அலறும். அதோடு 0.68 ஓவர்டிரைவ் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பூட்டியவர் சுற்றை 2,080க்கு இறக்கியிருப்பார். காலையில் பந்தயத் தடம், மாலையில் அதே காரில் வீடு என்று கணக்குப் போட்ட ஆள் அவர்.

உடன் ஒரு சவாரி கிடைத்தால் கைபேசியின் ஜிபிஎஸ்ஸை ஸ்பீடோமீட்டரோடு ஒப்பிடலாம். ஸ்பீடோமீட்டரை இயக்குவது கியர்பாக்ஸிலுள்ள சிறு பிளாஸ்டிக் பல்சக்கரம். 3.08ஐ 4.10 ஆக்கியவர் அதை மாற்ற மறந்திருந்தால், முள் 60இல் நிற்கும். கார் 45இல் ஓடிக்கொண்டிருக்கும்.