கருவிழந்த தாயும் லூத்தரின் ஆறுதலும் – ஒரு திறனாய்வு

சீர்திருத்தத் தந்தையாகிய மார்ட்டின் லூத்தரின் படைப்புகளுள் ஞானோபதேசங்களையும் நிருப விளக்கங்களையும் நம் மாணவர் நன்கு அறிவர். ஆனால் 1542-ஆம் ஆண்டு அவர் எழுதிய சிறியதோர் ஆறுதல் உரை பலருடைய கண்ணிலும் படுவதில்லை. பேறு நலமாய் முடியாத பெண்டிருக்கென எழுதப்பட்ட அவ்வுரை, விட்டன்பர்க் நகர ஆயர் யோகன்னஸ் பூகன்ஹாகன் இயற்றிய 29-ஆம் சங்கீத விளக்கத்தோடு இணைக்கப்பெற்று வெளிவந்தது. கருச்சிதைவுற்ற பெண்ணைச் சந்திக்கச் செல்லும் ஆயருக்கு அவ்வுரை எவ்வளவு துணை செய்கிறது, எவ்விடத்தில் போதாமற்போகிறது என ஆராய்வதே நம் நோக்கம்.

1. உரையின் பின்னணி

அக்காலத் தாய்மாரை வாட்டிய வினா, திருமுழுக்குப் பெறாது இறந்த சிசுவின் கதி என்ன என்பதாகும். அத்தகைய சிசுக்களுக்குக் கடவுளைக் காணும் பேரின்பம் இல்லையென்று இடைக்காலத் திருச்சபை போதித்தது. அர்ச்சிக்கப்பட்ட கல்லறை நிலத்தில் அவர்களை அடக்கம் செய்ய இடமளிக்காதிருந்ததும் வழக்கம். லூத்தர் இத்துயரை ஏட்டளவில் மட்டும் அறிந்தவரல்லர். 1528-இல் அவருடைய மகள் எலிசபெத்து ஒரு வயது நிரம்புமுன் மரித்தாள். 1540-இன் தொடக்கத்தில் அவருடைய மனைவி காத்தரீனா கருச்சிதைவுற்று, மரண வாசல்வரை சென்று மீண்டார்.

2. உரையின் சிறப்பு

இவ்வுரையின் தலையாய சிறப்பு, தாயின்மேல் பழி சுமத்தலாகாது என்பதை அது முதலிலேயே கூறிவிடுவதாகும். அவளுடைய கவனக்குறைவால் நேராத ஒன்றுக்காகக் கடுஞ்சொல் கூறி அவளை அச்சுறுத்தலாகாது என்கிறார் லூத்தர். இக்கூற்றை இன்றைய மருத்துவம் உறுதிப்படுத்துகிறது. அறியப்பட்ட கருத்தரிப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 கருச்சிதைவில் முடிகின்றன. முதல் மூன்று மாதங்களில் நேரும் சிதைவுகளில் ஏறத்தாழப் பாதிக்குக் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம். மாடிப்படி ஏறியதாலோ பப்பாளி தின்றதாலோ யாரோ கண் வைத்ததாலோ அவை நேர்ந்தவையல்ல. ஆயினும் இக்காரணங்கள் துக்க வீட்டில் இன்றும் பேசப்படுகின்றன. மாமியார் வாயிலிருந்து மட்டுமன்றி, சில வேளை ஜெபிக்க வந்தவர் வாயிலிருந்தும் வருகின்றன.

இரண்டாவது சிறப்பு, சொல்லற்ற பெருமூச்சையும் ஜெபமாக ஏற்பது. ரோமர் 8:26-ஐ ஆதாரமாகக் கொண்டு, பிள்ளையைத் திருமுழுக்குக்குக் கொண்டுவரத் தாயுள்ளம் கொண்ட ஏக்கத்தையே கடவுள் கேட்டருளிய விண்ணப்பமாக லூத்தர் கருதுகிறார். கடவுள் தம் வல்லமையைத் திருவருட்சாதனங்களோடு கட்டிவிடவில்லை என்பது அவர் வாதம். இது ஆழ்ந்த இறையியல். இன்றும் நாம் தயங்காது எடுத்துரைக்கத்தக்கது.

3. முதற்குறை: உடலும் உள்ளமும்

எனினும் லூத்தரின் ஆறுதல் முழுவதும் சிசுவின் ஆத்துமாவைப் பற்றியது. பெண்ணின் உடலையும் உள்ளத்தையும் பற்றி அதில் ஏதும் இல்லை. பிள்ளை பரலோகத்தில் இருக்கிறது என்று கேட்டபின்னும் அவளுக்கு உதிரப்போக்கு நிற்பதில்லை. நான்கைந்து மாதத்திற்குப்பின் கரு இழந்தவளுக்கு, குடிக்கப் பிள்ளையில்லாத மார்பில் பால் சுரப்பதுண்டு. இரத்தசோகை தொடரலாம். கருப்பையில் எச்சம் தங்கினால் நோய்த்தொற்று ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

உள்ளத்தின் காயமும் சிறிதன்று. இலண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்க மாதங்களில் கரு இழந்த பெண்டிருள் 29 விழுக்காட்டினர் ஒரு மாதத்திற்குப்பின் அதிர்ச்சியைத் தொடர்ந்து வரும் மன உளைச்சலின் அறிகுறிகளைக் கொண்டிருந்தனர். ஒன்பது மாதம் கடந்த பின்னும் 18 விழுக்காட்டினர் அந்நிலையில் இருந்தனர். நம் சபைகளிலோ ஒரு முறை சந்தித்து ஜெபித்து, அடுத்த பிள்ளைக்காக வாழ்த்திவிட்டால் பணி முடிந்ததாகக் கருதப்படுகிறது. ஒன்பதாம் மாதத்தில், அப்பிள்ளை பிறந்திருக்க வேண்டிய வாரத்தில், அவளை நினைப்பார் யார்?

4. இரண்டாம் குறை: லூத்தர் இட்ட கோடு

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. கருவுற்றதை வெறுத்து அதை வேண்டுமென்றே புறக்கணிப்போரையும் அழிப்போரையும் லூத்தர் வேறாகப் பிரித்துவிடுகிறார். தம் ஆறுதல் அவர்களுக்குரியதன்று என்பது அவர் கருத்து. அவர்களுக்கென வேறு சொல்லும் அவர் வழங்கவில்லை.

கருக்கலைப்பின் நெறிமுறை குறித்துத் திருச்சபைகளிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதனை ஈண்டுத் தீர்க்க நாம் முற்படவில்லை. நாம் கேட்பது வேறு. இக்கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நோயாளியின் படுக்கையருகே செல்லும் ஆயர் என்ன ஆவார்? கருச்சிதைந்ததா, கலைக்கப்பட்டதா என்று முதலில் அறிய விரும்புவார். மேய்ப்பராயிருக்க வேண்டியவர் விசாரணை அதிகாரியாவார். அவ்வினாவுக்கு அஞ்சும் பெண், காய்ச்சலையும் உதிரப்போக்கையும் மறைத்துவைப்பாள்.

அமெரிக்க உளவியல் கழகத்தின் ஆய்வுக்குழு 2008-இல் அளித்த அறிக்கை இங்கு நோக்கத்தக்கது. வயது வந்த பெண்ணொருத்தி, எண்ணாது உண்டான கருவை முதல் மூன்று மாதங்களுக்குள் ஒரு முறை சட்டப்படி கலைத்துக்கொண்டால், அத்தகைய கருவைப் பெற்றெடுத்தவளைவிட அவளுக்கு மனநலக் கேடு மிகுதியாவதில்லை என்று அது கண்டது. சிலர் துயரமும் மனச்சோர்வும் அடைவதுண்டு என்பதையும் அது மறுக்கவில்லை. ஆகவே கருக்கலைத்தோர் அனைவரும் மனம் பேதலிப்பர் என்று பிரசங்கிப்பது உண்மையன்று. எவருக்கும் துக்கமேயில்லை என்பதும் உண்மையன்று. யாருக்குத் துன்பம் மிகுகிறது என்பதற்கும் அவ்வறிக்கையில் விடையுண்டு: முன்னரே மனநோய் உற்றவர்கள், பிறர் இகழ்வர் என அஞ்சுவோர், மறைத்து வாழ நேர்ந்தவர்கள், ஆதரவற்றோர். இவற்றுள் பின்னைய மூன்றையும் உண்டாக்கவோ நீக்கவோ ஒரு சபையால் இயலும்.

நம் நாட்டின் 1961-ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம், கருச்சிதைவுற்ற தொழிலாளப் பெண்ணுக்கு ஊதியத்துடன் ஆறு வார விடுப்பை வகுத்தது. 1995-ஆம் ஆண்டுத் திருத்தம், சட்டத்திற்குட்பட்ட மருத்துவக் கருக்கலைப்புக்கும் அதே ஆறு வாரங்களை அளித்தது. இருவருக்கும் ஓய்வு வேண்டும் என்பதை அரசு உணர்ந்தது. தகுதியற்றவரை நீதிமானாக்கும் கிருபையைப் போதித்த லூத்தர், தம் சுவிசேஷத்தின் அளவுகோலை இவ்வுரையில் இறுதிவரை கைக்கொள்ளவில்லை என்றே நாம் முடிவு செய்ய வேண்டியதாகிறது.

5. ஆயர் பணிக்கு

லூத்தரின் முதல் வாக்கியத்தை நாம் காத்துக்கொண்டு, அவர் இட்ட கோட்டைக் கடந்து செல்லவேண்டும். முதற் சந்திப்பில் காய்ச்சல், உதிரப்போக்கு, கடும் வயிற்றுவலி உண்டோ என்று ஆயரின் மனைவி வாயிலாகவோ பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வாயிலாகவோ விசாரித்து, இருந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்புக. உறக்கமின்மையும் சாவை நாடும் பேச்சும் காணின் மனநல மருத்துவரை நாடச் செய்க. கணவனின் துக்கத்தையும் கேட்டறிக. ஒன்பது மாதம்வரை சந்திப்பைத் தொடர்க. அவளாகச் சொன்னதை எவரிடமும், ஜெபக்குறிப்பாகக்கூட, வெளியிடாதிருக்க.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் வருந்திய பெண்ணை நம் ஆண்டவர் சந்தித்தார். அந்நோய் எவ்வாறு வந்தது என்று அவர் கேட்கவில்லை. அவள் முதலில் சுகமடைந்தாள். அதன் பின்னரே நடந்த உண்மை முழுவதையும் அவருக்குச் சொன்னாள். இவ்வரிசையை மாற்றாதிருப்பது நம் கடமையாகும்.