வேதப் புத்தகத்தில் மிஞ்சிய மொழி

சிவகாசியில் அச்சாகும் நாள்காட்டித் தாள்கள் மட்டும் மிஞ்சி, தமிழ் பேச ஒருவரும் இல்லாமல் போனால், அவற்றைக் கொண்டு எந்தத் தமிழை மீட்க முடியும்? நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம், சூலம் என்று பெயர்ச்சொற்கள் குவியும். முன்னிலையில் ஒருவரை ஒருவர் விளிக்கும் சொல் அநேகமாக இராது. தாளில் ழகரம் இருப்பதால் இவ்வூரார் நாக்கிலும் அது இருந்தது என்று முடிவு கட்டுவார்கள். ஆனால் நம் தெருவில் விற்பது 'வாளப்பளம்'தான். 'வந்தான்' என்று எழுதினாலும் பேச்சில் கடைசி னகரத்தை மூக்கொலியாகக் கரைத்துவிடுகிறோம். எந்த அச்சுத்தாளும் இதைச் சொல்லாது.

தைவான் தீவின் தென்மேற்கே, தைனான் சமவெளியில் பேசப்பட்ட சிராயா மொழிக்கு இதுவே நேர்ந்தது. அது ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. 1624 முதல் 1662 வரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஆண்டது. கம்பெனியோடு வந்த போதகர்களில் ஒருவரான தானியேல் கிராவியுஸ், மத்தேயு சுவிசேஷத்தைச் சிராயாவில் பெயர்த்தார். ஒரு பத்தியில் டச்சு, பக்கத்துப் பத்தியில் சிராயா என்று அது 1661இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. பின்னாளில் பேச்சு வழக்கு அற்றுப்போனது. மொழியியலாளர் அலெக்சாந்தர் அடெலார் பெரும்பாலும் இந்த நூலைக் கொண்டே சிராயாவின் ஒலியமைப்பு, இலக்கணம், சொற்கள் மூன்றையும் மீட்டு 2011இல் நூலாக வெளியிட்டார்.

இந்த முறையை நான் மதிக்கிறேன். பத்தி பத்தியாக அடுத்தடுத்து நிற்பதால் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒப்பிட முடிகிறது. இன்னொரு நன்மை பெரியது. டச்சில் இல்லாத ஒன்று சிராயாப் பத்தியில் திரும்பத் திரும்ப வந்தால், அது அந்த மக்களின் வாயிலிருந்து வந்ததாகத்தான் இருக்க முடியும். நமக்கு 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு உண்டு, டச்சுக்காரருக்கு ஒன்றுதான். சிராயாவிலும் இரண்டு. கேட்பவரைச் சேர்ப்பதா விலக்குவதா என்ற அந்த நுட்பம் போதகரின் கையிலும் அழியவில்லை. அதைவிட வியப்பானது, வினைக்கு முன் நிற்கும் துணைச்சொல் சில வேளை அந்த வினையின் முதலொலியையோ முதலசையையோ முன்கூட்டியே தன்மேல் ஏற்றிக்கொள்வது. வரப்போகும் வினை முன்னதாகவே குரல் கொடுக்கிறது. எந்த ஐரோப்பியரும் இதைக் கற்பனை செய்து எழுதியிருக்க முடியாது.

அதே அளவுகோலைத் திருப்பிப் பிடித்தால் குறை தெரியும். டச்சு வாக்கியத்தின் அமைப்போடு சிராயா வாக்கியம் ஒத்துப்போகும் இடத்தில், அது மொழியின் இயல்பா, மொழிபெயர்ப்பின் இழுப்பா என்று சொல்ல வழியில்லை. ஒலியில் சிக்கல் இன்னும் கடினம். டச்சுக் காது கேட்டதை டச்சு எழுத்துக்கூட்டலில் எழுதியிருக்கிறார்கள். ஒரே சொல்லுக்குப் பல வடிவம். அடெலார் உறவு மொழிகளோடு ஒப்பிட்டு ஒலிகளைக் கணிக்கிறார். கவனமான கணிப்பு, ஆனாலும் கணிப்புதான். குரல் எங்கே ஏறியது, கோபத்தில் எந்தச் சொல் இழுபட்டது என்பது போனது போனதுதான்.

சிராயா மக்கள் தாங்களே எழுதியவையும் உண்டு. டச்சுக்காரர் வெளியேறி நூற்றைம்பது ஆண்டு கழிந்தும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, நிலப் பத்திரங்களை ரோமன் எழுத்தில் தம் மொழியில் எழுதினார்கள். போதகரின் நிழல் படியாத சிராயா அதில்தான் இருக்கிறது. ஆனால் பத்திரத்தின் மொழி நமக்குத் தெரியாததா? நான்கெல்லை, கிரயம், சாட்சி. தாலாட்டும் சண்டையும் அதில் வராது.

இன்று தைனானில் சிராயா வழிவந்தவர்கள் மீட்ட சொற்களைப் பிள்ளைகளுக்குப் பாட்டாகக் கற்றுத்தருகிறார்கள். உச்சரிப்பு மூதாதையருடையதுதானா என்று கேட்டு அதைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல. அவர்களுக்குப் புத்தகம் தவிர வேறு வழி வைக்கப்படவில்லை.

நமக்கு வழி இருக்கிறது. எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாக்கினார். அது பெருங்கொடை, ஆனால் அதில் இருப்பது சொல்லும் பொருளும், குரல் அல்ல. பட்டாசுத் தொழிலின் பேச்சு இன்னும் புதியது. இங்கே சிவகாசியில் தொழிற்சாலைக்குப் பெயர் 'ஆபீஸ்'. வெடியுப்பும் கந்தகமும் கலந்த கலவை 'மருந்து'. அச்சிட்ட பக்கத்தை மட்டும் பார்ப்பவர் அதை நோய் தீர்ப்பது என்றே படிப்பார். சரம் பின்னும் பெண்களின் பேச்சை, அவர்கள் சம்மதத்தோடு, வேலை முடிந்த மாலைகளில் வீட்டுத் திண்ணையில் வைத்து ஒலிப்பதிவு செய்ய ஒரு கைபேசி போதும். திருத்தங்கல், வெம்பக்கோட்டை, சாத்தூர் என்று ஊருக்கு ஒரு மணி நேரமாவது, 'வாளப்பளம்' என்பதை 'வாழைப்பழம்' என்று திருத்தாமல்.