நெய்க்காரி ஏன் பொன்னை மறுத்தாள்?

என்னிடம் இருப்பது உனக்கு வேண்டும், உன்னிடம் இருப்பது எனக்கு வேண்டும். இப்படி இரண்டு பக்கமும் பொருந்தி வருவது அரிது. அந்தத் தொல்லை தீரவே பணம் பிறந்தது என்று பொருளியல் பாடநூல்கள் சொல்லும். 1776-இல் ஆடம் ஸ்மித் எழுதி நிலைத்துவிட்ட கதை. சங்கப் பாடல்களை வைத்து உரசினால் அது பாதிதான் தேறுகிறது.

பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் நெய்க்கு விலையாகப் பொன்னை வாங்குவதில்லை. எருமையும் பசுவுமாக வாங்குகிறாள். பொன்னின் அருமை அறியாதவள் அல்லள். பொன் பெட்டியில் கிடக்கும், எருமை ஈனும், கறக்கும். கணக்குப் போட்டுத்தான் மறுக்கிறாள். காசில்லாதவர்களின் கதியற்ற வழியே பண்டமாற்று என்ற எண்ணம் இவளிடம் செல்லாது.

பொருத்தமும் அவ்வளவு அரிதாக இல்லை. தேனும் கிழங்கும் கொடுத்து மீன்நெய்யும் நறவும் பெற்றவர்களைப் பொருநராற்றுப்படை காட்டுகிறது. நிலமே தொழிலைப் பிரித்து வைத்திருந்ததால் யாருக்கு எது தேவை என்பது ஊரறிந்த சங்கதி. கையில் இல்லாத நாளுக்குக் குறியெதிர்ப்பை: அளந்து வாங்கி, பிறகு அதே அளவு திருப்பித் தருவது.

குறை வேறிடத்தில் இருந்தது. நெல்லும் உப்பும் சரிக்குச் சரி என்று கூவி உப்பு விற்கும் உமணப் பெண் அகநானூற்றில் வருகிறாள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முறிந்தால் மாற்றச் சேம அச்சும் கட்டிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி வந்த உப்பு வண்டி அது. உப்பை இறக்கிய இடத்தில் அதே அளவு நெல் ஏறினால், திரும்பும் வழியிலும் மாட்டுக்குச் சுமைதான். மீன்காரி பாடு இன்னும் மோசம். பொழுது சாய்வதற்குள் மீனைத் தள்ளியாக வேண்டும். நெல் வைத்திருப்பவளுக்கு என்ன அவசரம், குதிரில் கிடக்கும். கெடாத பொருள் யாரிடமோ பேரமும் அவரிடம்.

நாணயம் இந்த மீன்காரிக்காக வந்ததாகத் தெரியவில்லை. சேரர் துறைமுகமான முசிறிக்குக் கடல் கடந்த யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினர். மறுபடி எப்போது வருவான் என்று தெரியாத அயலானிடம் குறியெதிர்ப்பை எடுபடுமா? மாக்கோதை பெயர் பொறித்த சேரர் காசோ வெள்ளி; நாழி மோருக்கு அதை நீட்ட முடியாது.

காசு புழங்கிய பிறகும் நெல் ஒதுங்கவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்துத் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ராசராசன் வைத்த ஆண்டுப் பங்கு, ஆளுக்கு 100 கலம் நெல்.