பதிப்புரிமையா, படைப்புரிமையா? – உரிமைச் சொற்கள் பற்றியதோர் ஆய்வு

தமிழிற் கலைச்சொல்லாக்கம் பற்றி எழுந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் அறிவியற் சொற்களையே பொருளாகக் கொண்டுள்ளன. நூல் இயற்றுவானது வாழ்வையும் சிறுதொழில் செய்வானது ஊதியத்தையும் நேரே தாக்கும் சட்டச் சொற்கள் அத்துணை ஆராயப்படவில்லை. அவற்றுள் தலையாயது 'பதிப்புரிமை' என்னும் சொல். இச்சொல் தான் குறிக்க வேண்டிய பொருளினும் குறுகியது என்பதும், அக்குறுக்கம் ஆசிரியர்க்குக் கேடு விளைத்து வருகின்றது என்பதும், அதனை மாற்றிக்கொள்ளுதல் தமிழ்த் துறையினர் கடன் என்பதும் இக்கட்டுரையின் துணிபுகளாம்.

1. இரு நாட்டுச் சொற்கள்

ஆங்கிலேயர் இவ்வுரிமைக்கு இட்ட பெயர் 'காப்பிரைட்' என்பது. படி எடுக்கும் உரிமை என்பது அதன் பொருள். இலண்டன் மாநகரத்து அச்சக, நூல்வணிகக் குழுவினர் தமக்குள் வைத்துக்கொண்டிருந்த உரிமையே இதன் தோற்றுவாய். 1710ஆம் ஆண்டில் ஆன் அரசியார் காலத்துச் சட்டம் ஆசிரியனை முதன்முதல் உரிமையாளனாக ஏற்று, 14 ஆண்டுக் காலம் வகுத்தது. உரிமை ஆசிரியனுக்கு வந்த பின்னரும் பெயர் மட்டும் அச்சிடுவார்க்கு உரியதாகவே நின்றுவிட்டது.

பிரெஞ்சு நாட்டார் வழக்கு வேறு. அவர்கள் இதனைத் 'துருவா தொத்தேர்' என்பர். 'ஆசிரியன் உரிமை' என்பது நேர்பொருள். புரட்சிக் காலத்தில் எழுந்த 1793ஆம் ஆண்டுச் சட்டம், ஆசிரியன் வாழ்நாள் முழுதும் அவனுக்கும், அவனுக்குப் பின் 10 ஆண்டு அவன் வழியினர்க்கும் உரிமை நல்கியது. பின்னர் 1866இல் அப்பத்து ஆண்டு ஐம்பதாயிற்று. முன்னது பொருளை நோக்கிய பெயர். பின்னது ஆளை நோக்கிய பெயர்.

இவ்வேறுபாடு தமிழர்க்கு ஏட்டளவில் நிற்பதன்று. புதுச்சேரி 1954 நவம்பர் முதல் நாளில் நடைமுறையாலும், 1962 ஆகத்துத் திங்களில் சட்டத்தாலும் இந்தியாவுடன் இணையும் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். அந்நகரின் வடக்கே, காலாப்பட்டினை அடுத்துக் கடலோரமாக உள்ள கனகசெட்டிக்குளத்தைக் கடந்தால் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். அவ்வெல்லைக்கு இருபுறத்தும் பேசப்பெற்ற மொழி ஒன்று. ஆசிரியன் உரிமைக்கு ஆட்சியாளர் வழங்கிய பெயரோ இரண்டு. அவ்விரண்டனுள் தமிழ் மேற்கொண்டது ஆங்கிலப் பெயரையே. 'படி' என்பதனைப் 'பதிப்பு' ஆக்கிப் 'பதிப்புரிமை' என்றனர். பதிப்பவனே உரிமைக்கு முதல்வன் எனும் மயக்கம் அன்று தொடங்கியது.

2. பாரதியார் நூல்கள் பெற்ற வரலாறு

சொல் மயக்கம் வாழ்வில் எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்குப் பாரதியார் நூல்களே சான்று. அவர் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு ஆகியன அக்காலத்து விளைவுகள். தம் எழுத்துகளையெல்லாம் 40 தொகுதிகளாக வெளியிட 1920இல் அவர் திட்டம் வகுத்தார். அது நிறைவேறு முன்னரே 1921 செப்டம்பரில் மறைந்தார்.

1914ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின்படி, ஆசிரியன் மறைவுக்குப் பின் 50 ஆண்டு உரிமை வழியினரைச் சேர்ந்தது. வறுமையுற்ற குடும்பத்தாரிடமிருந்து நூல் வெளியிடும் உரிமை, பாரதியாரின் இளவல் சி. விசுவநாதன் நடத்திய பாரதி பிரசுராலயத்தின்பாற் சென்றது. இசைத்தட்டு முதலியவற்றில் பாடல்களைப் பயன்படுத்தும் உரிமையோ தனியே பிரிந்து, ஒரு வணிகர் கை மாறிப் பின்னர்த் திரைப்பட முதலாளி ஏ.வி. மெய்யப்பனாரை அடைந்தது. அவர் எடுத்த 'நாம் இருவர்' 1947இல் வெளிவந்து, பாரதியார் பாடல்களை நாடெங்கும் பரப்பியது. அடுத்த ஆண்டில் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்திற் பாரதியார் பாடலொன்று இடம்பெற்றபோது, உரிமை பற்றிய வழக்கு எழுந்தது. தேசியக் கவியின் பாட்டுக்கு ஒருவர் தடை சொல்லலாமா எனும் வினா நாட்டில் எழுந்து, எழுத்தாளர் கிளர்ச்சியாயிற்று.

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1949இல் சென்னை அரசு உரிமைகளை ஏற்றது. மெய்யப்பனார் தம் உரிமையைப் பொருள் பெறாது வழங்கினார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாவும், செல்லம்மாளுக்கும் இரு மகளிர்க்கும் தலைக்கு 5,000 ரூபாவும் அளிக்கப்பெற்றன. பின்னர் 1955இல் அந்நூல்கள் மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கப்பட்டன. சட்டப்படி 1971 முடிவில் வரவேண்டிய விடுதலை 16 ஆண்டு முன்னரே வந்தது.

இவ்வரலாற்றைக் கூறுவார் பலரும், வணிகர் கைப்பட்ட கவியை அரசு மீட்டது என்று முடிப்பர். இம்முடிபு முற்றும் பொருந்துவதன்று. வாங்கியவர்கள் சட்டத்திற்கு மாறாக எதனையும் பறித்தாரல்லர். பிரசுராலயம் இல்லையாயின் அந்நூல்கள் இடையறாது மக்கள் கைக்குக் கிடைத்திரா. குறை எங்கே உளது எனின், ஒரு நூலின் உரிமை பல கூறாகப் பிரிவது என்பதனையும், அக்கூறு ஒவ்வொன்றும் தனி விலை பெறுவது என்பதனையும் அக்காலத் தமிழுலகம் உணராமையில் உளது என்க. அச்சு ஒரு கூறு. இசைத்தட்டு ஒரு கூறு. திரைப்படம் ஒரு கூறு. மொழிபெயர்ப்பு ஒரு கூறு. 'பதிப்புரிமை' என்னும் சொல் இவற்றுள் முதலாவதனை மட்டுமே மனத்திற் கொணர்கின்றது. ஏனையவற்றை விற்பவன், தான் விற்பது இன்னது என்றறியாமலே விற்றுவிடுகின்றான்.

3. 'நாட்டுடைமை' எனும் சொல்

பாரதியாரை அடுத்துத் தமிழ்நாட்டு அரசு, நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்தம் நூல்களை, வழியினர்க்குப் பரிவுத்தொகை அளித்து நாட்டுடைமையாக்கியுள்ளது. புதுச்சேரிக் கவிஞர் பாரதிதாசனார் படைப்புகள் 1990இல் அவ்வாறு ஆயின. 1964இல் மறைந்த அவர்தம் நூல்களுக்கு இற்றைச் சட்டப்படி 2024 முடிவு வரை உரிமை நின்றிருக்கும்.

ஈண்டும் சொல் ஆராயத்தக்கது. நாட்டுடைமை என்பது அரசு தன் உடைமையாக வைத்துக்கொள்ளுதல் என்னும் பொருளையே தருகின்றது. வங்கிகளை நாட்டுடைமையாக்கியது போல்வது. நூல்கள் திறத்து நிகழ்வதோ அதன் மறுதலை. அரசு வாங்குவது விடுதற்பொருட்டேயாம். 1949இல் நிகழ்ந்ததே நாட்டுடைமை. 1955இல் நிகழ்ந்தது மக்களுடைமை. இவ்விரண்டையும் ஒரு சொல்லால் வழங்குதலின், 'நாட்டுடைமை நூலை அச்சிட அரசின் இசைவு வேண்டுமோ' என்று சிறு பதிப்பாளர் ஐயுறுகின்றனர். 'பொதுவுடைமை' என்பது அரசியற் கொள்கை ஒன்றற்குப் பெயராய் நிலைத்துவிட்டமையின், 'மக்களுடைமை' என்பதே ஏற்புடைத்து.

மக்களுடைமையின் பயன் மலிவு விலைப் பதிப்பு மட்டுமன்று. சீனி. விசுவநாதன் பாரதியார் எழுத்துகளைக் காலமுறைப்படி 23 தொகுதிகளாகத் தொகுத்தமைக்கு எவர் இசைவும் வேண்டியிருக்கவில்லை. எனினும் உரிமை நீங்கிய நூலுக்குக் காவலனும் நீங்குகின்றான் என்பதனை மறத்தலாகாது. பாடம் பிறழ்ந்த பதிப்பினை வெளியிடுவானையும் தடுப்பாரிலர். சட்டம் கைவிட்ட அக்காவலை ஏற்கவேண்டியது பாடவாராய்ச்சியேயாம்.

4. சட்டம் கூறுவதும் மரபு கூறுவதும்

இன்று நடைமுறையில் உள்ளது 1957ஆம் ஆண்டுச் சட்டம். அது 1958 சனவரியில் செயற்பட்டது. முதலில் மறைவுக்குப் பின் 50 ஆண்டு என்றிருந்தது, 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 60 ஆண்டாயிற்று. 1941இல் மறைந்த தாகூரின் நூல்கள் 1991 முடிவில் பொதுவாக இருந்தமையே அத்திருத்தத்திற்குத் தூண்டுகோல். படைப்போர் அறியவேண்டுவனவற்றுள் இன்றியமையாதன சிலவற்றைக் கூறுதும்.

முதலாவது, உரிமை பதிவினால் தோன்றுவதன்று. படைப்பு எழுத்திலோ ஓவியத்திலோ உருப்பெற்றவுடன் தானே தோன்றுவது. பதிவு சான்றுக்கு உதவுவதேயன்றி உரிமைக்குக் காரணமன்று.

இரண்டாவது, கருவுக்கு உரிமை இல்லை, உருவுக்கே உண்டு. 'நியூ தில்லி' என்னும் படம் தம் நாடகத்தின் வழிப்பட்டது என்று ஆர்.ஜி. ஆனந்து தொடுத்த வழக்கில், 1978இல் உச்சநீதிமன்றம் இதனை நிலைநிறுத்தியது. தமிழ் மரபுக்கு இது புதிதன்று. தொல்காப்பியம் முதனூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக்கியது. மொழிபெயர்ப்பும் தழுவலும் முதனூலாசிரியன் இசைவுக்கு உட்பட்டன என்னும் இற்றைச் சட்டப் பகுதிக்கு 'வழிநூல் உரிமை' என்பதனினும் சிறந்த பெயர் இல்லை. அம்மரபு வழிநூலை இழுக்காகக் கருதாது முதனூலை ஒப்புக்கொள்ளுமாறே வேண்டிற்று. சட்டம் அதனோடு இசைவையும் ஊதியத்தையும் சேர்த்தது.

மூன்றாவது, உரிமையை மாற்றித்தருதல் எழுத்தில், கையொப்பத்துடன் நிகழ்தல் வேண்டும். எந்நூல், எவ்வுரிமை, எத்துணைக் காலம், எந்நிலப்பரப்பு என்பன அதிற் குறிக்கப்பெறல் வேண்டும். காலம் கூறாவிடின் 5 ஆண்டு என்றும், இடம் கூறாவிடின் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். ஒப்பந்தக் காலத்தில் இல்லாத புதிய வெளியீட்டு வகைக்கு அவ்வொப்பந்தம் செல்லாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்தது.

நான்காவது, உரிமையை விற்ற பின்னரும் ஆசிரியனுக்கு எஞ்சுவது ஒன்றுண்டு. தானே ஆசிரியன் என்று கூறிக்கொள்ளுதலும், தன் புகழுக்கு இழுக்காம்படி படைப்பைச் சிதைப்பாரைத் தடுத்தலும் அவனுக்கு என்றும் உரியன. தில்லி விஞ்ஞான பவனத்துக்கு அமர்நாத் சேகல் செய்த சுவர்ச்சிற்பத்தை அரசே அகற்றிச் சிதையவிட்டபோது, தில்லி உயர்நீதிமன்றம் 2005இல் சிற்பத்தைத் திருப்பித்தருமாறும் 5 இலக்கம் ரூபா ஈடு வழங்குமாறும் தீர்ப்பளித்தது. ஆளை நோக்கிய பிரெஞ்சுக் கருத்து இந்தியச் சட்டத்திலும் இவ்வழியாகக் குடிபுகுந்துள்ளது. 'பதிப்புரிமை' என்னும் சொல்லில் இதற்கு இடமே இல்லை.

5. சிறுதொழிலார் படும் மயக்கம்

செய்தித்தாள்கள் 'காப்புரிமை' என்று எழுதுவது ஒருகால் நூலுரிமையையும், ஒருகால் புதுப்புனைவுக்குரிய 'பேட்டண்ட்' என்பதனையும் குறிக்கின்றது. இவற்றின் வேறுபாடு பெரிது. புதுப்புனைவு உரிமை, 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி, விண்ணப்பித்து ஆராயப்பெற்ற பின்னரே கிடைப்பது. 20 ஆண்டே நிற்பது.

கனகசெட்டிக்குளம் போன்றதொரு கடலோர ஊரில் ஒருவர் கருவாட்டைப் பதப்படுத்திப் பொட்டலமிட்டு விற்கின்றார் எனக் கொள்வோம். அவர் இட்ட பெயர் வணிகக்குறிச் சட்டத்தின்பாற்படும். பதிவு 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத்தக்கது. பொட்டலத்தில் அச்சிட்ட கதை படைப்புரிமையின்பாற்படும். அவர் புதிதாகக் கண்ட உலர்த்தும் பொறி, புதுப்புனைவின்பாற்படும். நான்கு பேருக்கு மட்டும் தெரிந்த மசாலைக் கலவையோ மறைவாக வைத்திருக்கும் வரையிலேயே அவருடையது. இவை அனைத்தையும் 'காப்புரிமை' என்ற ஒரு சொல்லால் கேட்டறிந்த அவர், ஒன்றனைப் பதிந்துவிட்டு எல்லாம் காக்கப்பட்டன என்றிருப்பார்.

அவர் ஊதியம் கொடுத்து ஒருவரைப் பாட்டெழுதச் செய்தால், எழுதியவர் அவரிடம் பணியாளராக இல்லாதவிடத்து, உரிமை எழுதியவர்க்கே உரியது. பணம் கொடுத்து நிழற்படம் எடுக்கச் செய்தாலோ, வேறு உடன்பாடு இல்லையெனின், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். இந்நுட்பத்தை அறியாதார் இருவரும் பின்னர்ப் பகைவராதல் இயல்பு.

தனியொருவர்க்கு உரியதாகாது ஓர் ஊரார்க்கே உரியதாகும் உரிமையும் உண்டு. வில்லியனூர்ச் சுடுமண் கைவினையும் திருக்கனூர்க் காகிதக்கூழ்க் கைவினையும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. ஆசிரியன் பெயர் அறியப்படாத மரபுக் கலைக்கும் சட்டம் இடம் வகுத்துள்ளமைக்கு இவை புதுச்சேரி தரும் சான்றுகள்.

6. முடிபு

சொல்லை மாற்றின் பொருள் மாறுமோ என்று வினவுவார் உளர். ஒப்பந்தம் என்பது சொற்களால் ஆயது. நீதிமன்றம் நோக்குவதும் அச்சொற்களையே. 'பதிப்புரிமை முழுவதும் தந்தேன்' என்று எழுதிக் கையொப்பமிடும் கவிஞன், தன் பாட்டு நூலாக அச்சேறுவதையே எண்ணுகின்றான். பெற்றுக்கொள்பவனோ திரையையும் இசையையும் உடன் எண்ணுகின்றான். இவ்விருவர் எண்ணங்களுக்கும் இடைப்பட்ட தொலைவே ஆசிரியன் இழப்பு.

ஆதலின் யாம் முன்வைப்பன இவை: முழு உரிமைக்குப் 'படைப்புரிமை' என்பதும், நூலாக அச்சிடும் ஒரு கூற்றுக்கு மட்டும் 'பதிப்புரிமை' என்பதும், மொழிபெயர்ப்புக்கும் தழுவலுக்கும் 'வழிநூல் உரிமை' என்பதும், பேட்டண்டுக்குப் 'புதுப்புனைவு உரிமை' என்பதும், காலம் முடிந்தோ விடுவிக்கப்பெற்றோ பொதுவான நூலுக்கு 'மக்களுடைமை' என்பதும் வரையறையாக வழங்கப்பெறல் வேண்டும். 'காப்புரிமை' எனும் சொல் இரு பொருள்களுக்கு இடையே ஊசலாடுதலின், அதனை நீக்குதலே நன்று.

பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் யாப்பும் அணியும் கற்பிக்கின்றன. அங்குக் கற்றார் பலர் நூலாசிரியராகின்றனர்; முதல் நூலுக்கு ஒப்பந்தம் எழுதும்போது அவர்க்கு உதவுவார் இலர். உரிமை ஆவணம் ஒன்றனைப் படித்துப் பொருள்கொள்ளும் பயிற்சி, உரைநடைப் பாடத்தில் ஒரு பகுதியாதல் வேண்டும். செல்லம்மாளுக்கு 1949இல் அரசு கொடுத்த தொகை, கணவர் மறைந்து 28 ஆண்டு கழித்து வந்தது. இனி எழுதுவார்தம் குடும்பங்கள் அத்துணைக் காலம் காத்திராமைக்கு வழி, கையொப்பமிடும் நாளிலே சொல்லின் பொருளை அறிந்திருத்தலாம்.