‘மற்றும் குழுவினர்’: அருங்காட்சியக அழைப்பிதழ்களை முன்வைத்து

அழைப்பிதழும் ஒரு பிரதிதான். கதையையும் கவிதையையும் கட்டுடைத்துப் பார்க்கிற நாம், அழைப்பிதழ் வந்தால் தேதியைப் பார்த்துவிட்டுத் தூரப் போட்டுவிடுகிறோம். யார் பெயர் எந்த இடத்தில், எந்த அளவு எழுத்தில், என்ன அடைமொழியோடு அச்சாகியிருக்கிறது என்று நிதானமாக வாசித்தால், ஊரும் சேரியும் அந்த ஒற்றைத் தாளிலேயே பிரிந்து கிடப்பது தெரியும்.

கல்லூரிகள் சிலவற்றில் நாட்டார் வழக்காற்று அருங்காட்சியகம் இருக்கிறது. திருகை, உலக்கை, மரக்கால், ஏர்க்கலப்பை. அவற்றோடு ஒரு பறை. மே 18ஐ உலக அருங்காட்சியக நாளாக 1977இலிருந்து கொண்டாடுகிறார்கள். அதையொட்டியோ பொங்கலையொட்டியோ, ‘நடைபெறவிருக்கும் கலை நிகழ்ச்சிகள்’ என்று ஒரு பட்டியல் வரும். அப்படியொரு பட்டியல்தான் இப்போது என் முன்னால் இருக்கிறது. கல்லூரியின் பெயர் வேண்டாம். பெயரை அழித்துவிட்டு வேறு பெயர் எழுதினாலும் பொருந்திப்போகிற பட்டியல் அது.

முதல் நாள் காலை: ‘சிறப்பு விருந்தினர்களுக்குப் பறையிசையுடன் வரவேற்பு’. மாலை: வாய்ப்பாட்டுக் கச்சேரி. பாடுகிறவர் பெயர், வயலின்காரர் பெயர், மிருதங்கக்காரர் பெயர், தம்பூரா மீட்டுகிறவர் பெயர்கூடத் தனித்தனி வரியில் இருக்கிறது. மறுநாள் ‘கிராமியக் கலைகள்’. அதில் தலைவர் ஒருவர் பெயரைப் போட்டு ‘மற்றும் குழுவினர்’. காலையில் பறையடித்தவர்களுக்கு அந்தக் ‘குழுவினர்’ என்ற சொல்லும் இல்லை. ஏன்னா வரவேற்பு என்பது நிகழ்ச்சியில் சேர்த்தி இல்லை. அது வாசலில் நடக்கிற காரியம். விருந்தினர் உள்ளே போனதும் அடிக்கிறவர் வெளியே நின்றுவிட வேண்டும். திருவிழாவில் சாமிக்கு முன்னால் அடித்துக்கொண்டு போய், கோயில் வாசலோடு நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இந்த இடம் நன்றாகத் தெரிந்த இடம்தான்.

உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பறைக்கு ஒரு அட்டை உண்டு. ‘தமிழரின் தொன்மையான இசைக்கருவி.’ ஐந்திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையைத் தொல்காப்பியம் சொல்கிறது, புறநானூற்றின் 335ஆம் பாட்டு பறையனைச் சொல்கிறது என்று விளக்கமும் சேரும். எல்லாம் உண்மைதான். ஆனால் கவனியுங்கள்: பெட்டிக்குள் இருக்கும்போது அது தமிழர் பறை. சாவு வீட்டில் அடிக்கும்போது அது யாருடைய பறை? அப்ப மட்டும் எங்காளுக பறை. பெருமையெல்லாம் பொதுச்சொத்து, இழிவு மட்டும் எங்க பட்டா. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் நடந்த வரலாற்றை எந்த அட்டை சொல்கிறது? சாவுச் சேதி சொல்லப் போகச் சொன்னது யார், மறுத்தவனை என்ன செய்தார்கள், அடித்ததற்குக் கூலி என்ன? இதைச் சொல்லாத அட்டை அரைகுறை அட்டை அல்ல, பொய்யான அட்டை.

மிருதங்கத்துக்கு இந்தச் சிக்கலே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அதிலும் மாட்டுத்தோல்தான், ஆட்டுத்தோல்தான், எருமைத்தோல் வார்தான். அந்தத் தோலைப் பதம் பார்த்து மூட்டுகிற கைவினைஞர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலை வெளியிட 2020இல் சென்னைக் கலாக்ஷேத்ரா தன் அரங்கைத் தருவதாகச் சொல்லி, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நூல் வேறு இடத்தில் வெளியானது. வாசிக்கிற மிருதங்கம் மேடையேறலாம். அதைச் செய்தவனின் கதை மேடையேறக் கூடாது. தம்பூராக்காரருக்கும் ஒரு வரி ஒதுக்குகிற அழைப்பிதழ்களில் மிருதங்கம் மூட்டியவர் பெயரைப் பார்த்திருக்கிறீர்களா?

இன்னொரு விசயம், நெருப்பு. வேப்பம் பலகைத் துண்டுகளை வளையமாக இணைத்து, புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டுகிற தோல் ஈரக்காற்றில் தொய்ந்துபோகும். அடிக்கும் முன்னால் வைக்கோலையோ சருகையோ கொளுத்திக் காய்ச்ச வேண்டும். காய்ச்சாத பறை ‘தொப்புத் தொப்பு’ன்னுதான் கேட்கும். குளிரூட்டிய அரங்கில் தீ மூட்ட விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. அதற்கு மாற்றாக என்ன செய்திருக்கிறார்கள்? வெளியே காய்ச்ச ஒரு இடம், இரண்டு அடிக்கு நடுவில் மறுபடி காய்ச்ச ஒரு இடைவெளி, நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா? இல்லை. ‘அஞ்சு நிமிசம் அடிங்க, போதும்’ என்கிறார்கள். விளைவு, பலர் காய்ச்சத் தேவையில்லாத செயற்கைத்தோல் பறைக்கு மாறிவிட்டார்கள். பெட்டிக்குள் தோல்பறை, மேடையில் பிளாஸ்டிக் பறை. எதைக் காப்பாற்ற அருங்காட்சியகம் வைத்தார்களோ அதை அவர்கள் நிகழ்ச்சி நிரலே தின்கிறது.

இதைச் சென்னை எழும்பூரில் இன்னும் பெரிய அளவில் பார்க்கலாம். 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம். 1896இல் கட்டி முடித்த அரங்கம். யாருடைய பொழுதுபோக்குக்காகக் கட்டினார்கள் என்பதை அந்தக் கட்டடத்தின் தோரணையே சொல்லும். அதே வளாகத்தில் அமராவதியின் பௌத்தச் சிற்பங்கள் இருக்கின்றன. 1956இல் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவிய பிறகு, அந்தச் சுண்ணாம்புக்கல் வெறும் பழம்பொருள் இல்லை. அதற்கு உயிரோடு வாரிசுகள் இருக்கிறார்கள். பொருளை வைத்துக்கொண்டு வாரிசை மறப்பது அருங்காட்சியகத்தின் பழைய வியாதி.

நமக்குள்ளும் ஒரு வழக்கு முடியாமல் இருக்கிறது. ‘பறையே வேண்டாம், அது அடிமைச் சின்னம், கொளுத்து’ என்று சொன்னவர்கள் உண்டு. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்து அடிபட்ட ஊர்கள் உண்டு. ‘இல்லை, இது நம்ம கலகக் கருவி’ என்று மேடையில் ஏற்றியவர்களும் உண்டு. வெண்மணியில் 1968இல் 44 பேரைக் கொளுத்தியதைப் பற்றி இன்குலாப் எழுதியதை கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடினார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கி, சபாக்களின் மாதத்தில் கானாவும் பறையும் முழுக் கச்சேரியாக நடந்தன. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ. என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: அடிக்கிறதும் சரி, மறுக்கிறதும் சரி, முடிவு அடிக்கிறவன் கையில் இருக்க வேண்டும். அருங்காட்சியகம் செய்கிற தந்திரம் இந்த வழக்கையே மறைத்துவிடுவது. சண்டை போட்டவர்களைத் துடைத்துவிட்டுக் கருவியை மட்டும் துடைத்துப் பளபளவென்று வைக்கிறது.

அதனால் கல்லூரிகள் நிகழ்ச்சி நடத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. நடத்துங்கள். வரவேற்புக்கு அல்ல, மாலை நேரத்தில் இரண்டு மணி நேரக் கச்சேரியாகப் பறையை வையுங்கள். அடிக்கிற எட்டுப் பேருக்கும் எட்டுப் பெயர் போடுங்கள். எட்டுப் பெயருக்கு ஆகிற மை அப்படியொன்றும் விலை இல்லை. பாட்டுக்காரருக்குக் கொடுக்கிற பணத்தையும் பறைக்காரருக்குக் கொடுக்கிற பணத்தையும் ஒரே நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எழுதிய கையே கூசும். வாசலுக்குப் பக்கத்தில் காய்ச்ச இடம் கொடுங்கள். கண்ணாடிப் பெட்டியில் ஒட்டும் அட்டையை, அந்தப் பறையைச் செய்தவரையே கூப்பிட்டுச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். அவர் சொல்கிறதில் கோபம் இருந்தால் அந்தக் கோபத்தோடேயே எழுதுங்கள்.

இதில் எதற்குமே கூடுதல் நிதி ஒதுக்கீடு தேவையில்லை, காய்ச்சுகிற வைக்கோலுக்கும் கலைஞருக்குச் சேர வேண்டிய நியாயமான கூலிக்கும் தவிர. அடுத்த அழைப்பிதழ் வரட்டும். கடைசி வரியிலிருந்து மேலே வாசிப்போம்.