ஒரே பகலில் முடிகிற சந்தை

பெங்களூரின் குமாரகிருபா சாலையில் ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரும்பாலும் ஜனவரி முதல் வாரத்தில், வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். நடைபாதை, மதில் சுவர், மரத்தடி என்று கண் போகும் இடமெல்லாம் ஓவியங்கள். 1960இல் தொடங்கப்பட்ட கர்நாடக சித்ரகலா பரிஷத் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவரும் ‘சித்ர சந்தே’ இது. பல மாநிலங்களிலிருந்தும் ஏறத்தாழ 1,500 ஓவியர்கள் வருகிறார்கள். சில நூறு ரூபாய்க்கும் படம் உண்டு, லட்சத்துக்கும் உண்டு. வீட்டுக்கு ஒரு ஓவியம் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம்.

இந்தச் சந்தையைப் பற்றி ஓவிய உலகில் அடிக்கடி கேட்கும் குறை, தரம் இல்லை என்பது. பிள்ளையார், புத்தர், பாயும் குதிரைகள் என்று காலண்டர் படங்களே நிறைந்திருக்கின்றன என்பார்கள். நிறைந்துதான் இருக்கின்றன. ஆனாலும் அந்தக் குறையை என்னால் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கலைக்கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகத் தயங்குகிறவர்கள் இங்கே குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். கூச்சமில்லாமல் விலை கேட்கிறார்கள். எப்படி வரைந்தீர்கள் என்றும் கேட்கிறார்கள். வரைந்தவரே பதில் சொல்கிறார், நடுவில் ஆள் இல்லை.

ஒருமுறை தஞ்சாவூர் ஓவியங்கள் வைத்திருந்த ஒரு பெண்மணியிடம், ஒரே அளவிலான இரண்டு கிருஷ்ணர்களுக்கு ஏன் இவ்வளவு விலை வித்தியாசம் என்று ஒருவர் கேட்டார். அந்த அம்மா படத்தைச் சாய்த்துப் பிடித்து, துணி ஒட்டிய பலகை, அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசிய பூச்சு, மேடுகட்டிய மக்கு வேலை, அதன்மேல் ஒட்டிய தங்கரேக்கு என்று ஒவ்வொன்றாக விரலால் காட்டினார். அடுத்த படத்தில் இருப்பது தங்கமில்லை, வெறும் மினுக்குத் தாள் என்பதையும் மறைக்கவில்லை. கேட்டவர் சின்னதாக ஒரு அசல் தங்கரேக்குப் படத்தை வாங்கிப்போனார். ஐந்து நிமிடத்தில் ஒருவருக்கு ஓவியம் பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிட்டார் அந்த அம்மா.

என் வருத்தம் வேறு. எல்லாம் ஒரே பகலில் முடிந்துவிடுகிறது. நண்பகலுக்கு மேல் ஒரு படத்தின் முன் நிற்கவே முடியாது, பின்னால் வருகிற கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும். ஓடுகிற கண்ணைப் பிடித்து நிறுத்துவது தகதகப்பும் அடர்ந்த வண்ணமும்தான். பென்சில் கோட்டுப் படமும் மெல்லிய நீர்வண்ணமும் அங்கே தோற்றுப்போகின்றன. அடுத்த ஆண்டு எதை வரைந்து எடுத்துவருவது என்பதையும் இந்த நெரிசலே தீர்மானிக்கிறது. ரசனை கெட்டுவிட்டது என்று வாங்குகிறவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. பார்க்க நேரம் கொடுத்தால்தானே ரசனை வரும்?

அச்சோவியம் செய்யும் இளைஞர் ஒருவரின் கடையில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். செம்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரிக்கவைத்து, கையால் மை தடவி எடுத்த படங்கள். ஒவ்வொன்றின் கீழும், பத்துப் பிரதிகளில் எத்தனையாவது என்று காட்ட, 3/10, 4/10 என்று பென்சிலில் எண். “பிரின்ட்தானே, இதற்கா இந்த விலை?” என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள் வந்தவர்கள். சற்றுத் தள்ளி, கணினியில் அச்சடித்த கேன்வாஸ்மேல் நாலு தூரிகைத் தீற்றல் போட்ட படங்கள் கையால் வரைந்தவை போலத் தொங்கின. எது கைவேலை, எது கணினி அச்சு என்று ஒவ்வொரு படத்திலும் ஒரு சீட்டு ஒட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாம். அதற்குச் செலவே இல்லை.

சந்தைக்கு இரண்டாம் நாள் கேட்பது அவ்வளவு எளிதல்ல. நகரத்தின் முக்கியச் சாலை அது, திங்கட்கிழமை மூட முடியாது. ஆனால் சனிக்கிழமையும் சேர்த்து, பரிஷத் வளாகத்துக்குள்ளாவது தொடங்கலாம். கொரோனாவால் 2021இல் சந்தை இணையத்தில் நடந்தது. ஒரு படத்தை வேண்டிய நேரம் பார்க்க முடிந்தது, பலகையைச் சாய்த்துக் காட்டத்தான் யாரும் இல்லை. நேரமும் ஆளும் சேர்ந்து கிடைக்க வேண்டும்.

அந்த ஒரு பகலின் பாரம் கடைசியில் விழுவது ஓவியர் தலையில். ரயிலிலும் பேருந்திலும் கட்டுக்கட்டாகத் தூக்கிவந்தவர்கள், விற்காததைத் திருப்பித் தூக்கிப்போக வேண்டும். பொழுது சாய்ந்ததும் இது தெரிந்தவர்கள் வருகிறார்கள். பழைய புடவையில் படத்தைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம், காலையில் ஐயாயிரம் சொன்ன படத்தைக் காட்டி, “கடைசியா என்ன கொடுப்பீங்க?” என்று கேட்டார் ஒருவர். முதியவர் சுற்றிய புடவையை மறுபடி பிரிக்க ஆரம்பித்தார்.