யாருடைய தாளத்தில் குதிப்பது?

சினிமாப் பாட்டில் பெண் எப்படி வருகிறாள் என்று நாம் நிறையவே எழுதிவிட்டோம். அதே பாட்டு, வரிகள் பாதி வெட்டப்பட்டு, வேகம் கூட்டப்பட்டு, பெண்களுக்கான உடற்பயிற்சிக் காணொளி ஒன்றின் பின்னால் ஓடும்போது என்ன ஆகிறது என்று கேட்டதில்லை. பின்னணி என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பின்னணி என்று ஒதுக்கப்பட்டவற்றிலிருந்துதான் பெண்ணிய வாசிப்பே தொடங்கியது என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வியைச் சுங்குவார்சத்திரத்தில் வைத்துக் கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் ஏரிப் பாசன ஊர்கள் சிப்காட் ஆன இந்தப் பகுதியில், பல்லாயிரம் இளம்பெண்கள் உலகத்துக்குச் செல்பேசி செய்து அனுப்புகிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் அளவுக்குக் குடியிருப்பு திறக்கப்பட்டது என்றால் எண்ணிக்கையை ஊகித்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, கட்டிலில் சாய்ந்து அவர்கள் பார்ப்பவற்றில் உடற்பயிற்சிக் காணொளியும் ஒன்று. தாங்கள் செய்யும் செல்பேசியில் அல்ல. அதைவிடப் பல மடங்கு மலிவான இன்னொன்றில்.

அந்தக் காணொளிகளின் பாட்டுகளை மூன்று வகையாகக் கேட்டேன். முதல் வகை, ஊர் பேர் இல்லாத மின்னிசை. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. ‘டும் டும்’ மட்டும் நிற்காது. இதை யாரும் ரசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை, காப்புரிமை தேர்ந்தெடுக்கிறது. யூடியூபில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டால் அதன் அடையாளம் காணும் நிரல் உடனே கண்டுபிடித்துவிடும். விளம்பரக் காசு இசை நிறுவனத்துக்குப் போகும், அல்லது காணொளியின் ஒலியே அடைபடும். வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துப் படம்பிடிக்கும் ஒரு பெண் என்ன செய்வாள்? உரிமைத் தொல்லை இல்லாத இசையை இறக்கிக்கொள்வாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தஞ்சாவூர்த் தமிழில் ‘இன்னும் நாலு, இன்னும் மூணு’ என்று அவள் எண்ணும் குரலுக்கும், பின்னால் ஓடும் ஒலிக்கும் ஒட்டே இருப்பதில்லை.

இரண்டாவது வகை குத்துப்பாட்டு. பறையின் அடி காலைத் தூக்கவைக்கிறது, அதில் ஐயமில்லை. அதன் மேல் ஒட்டவைக்கப்பட்ட வரிகள்தாம் சிக்கல். இடுப்பை அளக்கும், பின்னால் வரும், மறுத்தாலும் விடாத ஓர் ஆணின் பேச்சுக்குத் தாளமாக ஒரு பெண் தன் இடுப்பைக் குறைக்க முயல்கிறாள். பார்க்கப்படும் உடல், பார்க்கப்படுவதற்காகவே தயாராகிறது. விதிவிலக்கு இல்லாமலில்லை. 2018இல் வந்த ‘மாரி 2’ படத்தின் ‘ரௌடி பேபி’ இந்தக் காணொளிகளில் அடிக்கடி வருகிறது என்றால் காரணம் மெட்டு மட்டுமல்ல. சாய் பல்லவி அதில் தோளும் காலும் முகமும் சேர்ந்து முழு உடலோடு ஆடுகிறார், இடுப்பு தனியாகக் கழன்று வருவதில்லை. வீட்டில் ஆடிப் பார்க்கிறவளுக்கு அது தெரியும்.

2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யையும் இந்தக் காணொளிகளில் கேட்டேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் கதையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு அது. நிலத்தை விளையவைத்தும் நிலமில்லாமல் போனவர்களின் ஒப்பாரி அதன் அடியில் ஓடுகிறது. அதை இருபது குதியலுக்கு எண்ணிக்கையாக்கும்போது மனம் ஒப்பவில்லை. அதே சமயம், வயல் இருந்த இடத்தில் எழுந்த தொழிற்சாலையில் நின்றுவிட்டு வரும் ஒருத்தியின் காதில் போய்ச் சேர அதைவிடப் பொருத்தமான பாட்டு எது என்றும் தோன்றுகிறது. இந்த முரண்பாட்டை நான் தீர்த்துவைக்கப் போவதில்லை.

மூன்றாவது வகையில் புல்லாங்குழல், மழைச்சத்தம், எங்கோ ஒரு கோயில் மணி. ‘ரிலாக்ஸ்’ ஆகச் சொல்வார்கள். கட்டிலுக்குக் கட்டில் கைநீட்டினால் எட்டும் அறையில் ரிலாக்ஸ்.

இனி வேகம். இசையும் உடற்பயிற்சியும் பற்றிய ஆய்வில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர் இங்கிலாந்தின் புருனெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோஸ்டாஸ் கராஜார்ஜிஸ். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 140 துடிப்பு வரை உள்ள பாட்டு பயிற்சிக்குப் பொருந்தும் என்பதும், மிதமான உழைப்பில் இசை களைப்புணர்வைச் சுமார் பத்து சதவீதம் குறைக்கிறது என்பதும் இத்துறையில் புழங்கும் முடிவுகள். கவனியுங்கள், குறைவது களைப்பு அல்ல, களைப்புணர்வு. தசையில் நடப்பது நடந்துகொண்டேயிருக்க, அதைப் பற்றிய சேதி மூளைக்குச் சற்று மெல்லச் சேர்கிறது. நாள் முழுக்க நாற்காலியில் இருந்தவளுக்கு இது உதவி. நாள் முழுக்க நின்றவளுக்கு அந்தச் சேதிதானே தேவை?

தொழிற்சாலைக்கு இது புதிய அறிவல்ல. 1940 ஜூனில், போருக்கு நடுவே, பிபிசி வானொலி ‘மியூசிக் வைல் யூ வொர்க்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஆயுதத் தொழிற்சாலைகளில் பெருமளவில் பெண்கள் வேலைக்கு வந்த காலம். நாளுக்கு இருமுறை, அரை அரை மணி நேரம். தாளம் சீராக இருக்க வேண்டும், உருகவைக்கும் மெதுவான பாட்டு கூடாது என்று விதிகள். ‘டீப் இன் த ஹார்ட் ஆஃப் டெக்சஸ்’ என்ற பாட்டை மட்டும் வேலைநேரத்தில் ஒலிபரப்பாமல் ஒதுக்கினார்கள். அதில் கைதட்டும் இடம் உண்டு. தொழிலாளர்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுவார்கள், அல்லது கருவியாலேயே இயந்திரத்தில் தட்டுவார்கள் என்ற பயம்.

தமிழ் படித்த எனக்கு இந்தத் தடை கும்மியைத்தான் நினைவூட்டியது. பெண்ணுடலின் அசைவுக்கென்றே பாட்டு வைத்திருந்த மொழி இது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பந்தடிக்கக் கந்துகவரி, ஊஞ்சலுக்கு ஊசல்வரி, உலக்கைக்கு வள்ளைப்பாட்டு என்று வரிசையாக வருகின்றன. திருவாசகத்தில் திருப்பொற்சுண்ணம் சுண்ணம் இடிக்கும் பெண்களின் பாட்டு வடிவம், திருவம்மானை அம்மானைக் காய் வீசி ஆடுவோரின் வடிவம். ஆண் புலவர்கள் பெண்களின் மூச்சுக்கணக்கை எடுத்துக்கொண்டு அரசனையும் இறைவனையும் அதில் ஏற்றினார்கள். பாரதி ‘பெண்கள் விடுதலைக் கும்மி’யில் அதே கணக்கில் விடுதலையை ஏற்றினார். அதுவும் ஒரு பாட்டுத் தேர்வுதான்: உடல் ஏற்கெனவே அறிந்த தாளத்தில், உடல் இதுவரை சொல்லாத சொல்.

கும்மியின் யாப்பைச் சற்றுப் பாருங்கள். மும்மை நடை. அடிக்கு ஏழு சீர், எட்டாவதன் இடத்தில் நீட்சி, அதாவது மூச்சு. குனிந்து, நிமிர்ந்து, நகர்ந்து, தட்டி, நிற்கிற அந்த ஒரு சீர் அளவை யாரும் பறிக்க முடியாதபடி பாட்டுக்குள்ளேயே கட்டியிருக்கிறார்கள். மின்னிசையில் எட்டாவது எண்ணிக்கையிலும் அடி விழுகிறது. கும்மியைப் புனிதமாக்கவும் வேண்டாம். நடவுப் பாட்டு நாற்று நடும் பெண்ணின் இடுப்பு வலியை மறக்கவைத்தது, அதனால் நிலக்காரருக்கு நடவு விரைவாகவும் முடிந்தது. பிபிசியின் கணக்கை நம் வரப்புகள் முன்பே அறியும்.

எங்கள் துறையில் இளங்கலை முடித்துவிட்டு இங்கே லைனில் நிற்கும் பழைய மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: “எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து மறுபடி அதே வேகத்துல குதிக்கச் சொன்னா, வீடியோல இருக்கற அக்கா லைன் லீடர் மாதிரியே தெரியறாங்க மேம்.” என் வாசிப்பைவிட இது கூர்மை. கன்வேயருக்கு ஒரு வேகம் உண்டு, அதை நிற்கிறவள் தீர்மானிப்பதில்லை. நின்றபடி வேலை செய்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவிலேயே சொல்லியது. 2023 ஏப்ரலில் வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழிசெய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்த பின்தான் திரும்பப் பெறப்பட்டது. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்ந்தபோது, ஃபாக்ஸ்கான் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்தது செய்தியானது.

இப்படிப்பட்ட உடலுக்கு எந்தப் பாட்டு? நின்றே இருந்த காலில் ரத்தம் கீழே தேங்கும். கெண்டைக்காலை அசைக்க வேண்டும், குதிகாலை ஏற்றி இறக்க வேண்டும், காலைச் சுவரில் ஏற்றிச் சாத்திப் படுக்க வேண்டும். ஒவ்வொரு நீட்டலையும் இருபது முப்பது விநாடி பிடித்திருக்க வேண்டும். இதற்கு 140 எதற்கு? இந்த அசைவுகளைச் சொல்லித்தரும் சில நல்ல காணொளிகளிலும் குத்துப்பாட்டே ஓடுகிறது. உடல் மெதுவாகவும் இசை வேகமாகவும் போய், பார்க்கிறவள் பிடிப்பை இடையில் விட்டுவிடுகிறாள்.

கடந்த பருவத்தில் நாட்டார் வழக்காற்றியல் தாளுக்கு நான் கொடுத்த ஒப்படைப்பு இதுதான்: உங்கள் ஊர்ப் பாட்டிகளிடம் ஒரு பாட்டைப் பதிவுசெய்யுங்கள், அது எந்த அசைவுக்கு உரியது என்று கேளுங்கள், பிறகு லைனில் நிற்கும் ஒரு தோழிக்கு அதை அனுப்புங்கள். தாலாட்டுகள் நிறைய வந்தன. காலைச் சுவரில் சாத்தியவர்களுக்கு அவை நன்றாகப் பொருந்தின, இருவர் அப்படியே தூங்கிவிட்டார்களாம். கும்மி மட்டும் ஹாஸ்டலில் நடக்கவில்லை. இரவு பதினொரு மணிக்குக் கைதட்டினால், விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகிறவள் எழுந்துவிடுவாள். வட்டம் கட்டவும் இடமில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஓசை வராமல் தொடையில் தட்டிக்கொண்டு, குதிகாலை ஏற்றி இறக்கிப் பார்த்ததாக ஒருத்தி எழுதியிருந்தாள். எட்டாவது சீரில் காலைத் தரையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாளாம்.